ஊஞ்சல் தாலாட்டும் வேன் பாட்டும்

அமாவாசை இரவு மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல். நள்ளிரவை ஒட்டி உற்சவ அம்மன் அலங்காரத்தோடு ஊஞ்சல் மண்டபத்துக்கு வருகிறாள். பம்பையும் உடுக்கையும் முழங்க, பூசாரிகள் தாலாட்டுப் பாடுகிறார்கள். கூட்டம் எலுமிச்சம்பழத்தின் மேல் கற்பூரம் ஏற்றிக் கையில் பிடித்தபடி நிற்கிறது. தாலாட்டு என்றால் தூங்க வைக்கும் பாட்டு. இங்கே தூங்குகிறவர் ஒருவரும் இல்லை. ஊஞ்சலை ஆட்டுகிறவர்கள் விழித்திருக்கிறார்கள், அருள் வந்தவர்கள் ஆடுகிறார்கள், அப்பன் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கண்கொட்டாமல் பார்க்கிறது. ஊஞ்சல் முடிந்ததும் வேன்களும் கார்களும் வளத்தி, செஞ்சி, சேத்துப்பட்டு, திருவண்ணாமலைப் பக்கமாகத் திரும்புகின்றன. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அதே பிள்ளை பின்சீட்டில் சுருண்டுவிடும். டிரைவருக்குத் தூக்கம் வரக்கூடாது. பிள்ளைக்குத் தூக்கம் கலையக்கூடாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஸ்பீக்கர். என்ன பாட்டுப் போடுவது?

இந்தக் கேள்வி போனும் புளூடூத்தும் வந்த பிறகு பிறந்தது என்று நினைப்பது இயல்பு. கேள்வி புதிதுதான், அது எழுகிற இடம் பழையது. கைக்குழந்தையோடு இரவில் சாலையில் போவது இந்த வட்டாரத்தில் பல தலைமுறை வழக்கம். அந்த வழக்கத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. வழிநடையில் குழந்தைக்கென்று தனிப்பாட்டு நம்மிடம் இருந்ததில்லை. பெரியவர்கள் தங்களுக்காகப் பாடினார்கள். பிள்ளை பக்கத்தில் கிடந்து கேட்டது. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்ப் பாட்டு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்குப் போன முக்கியமான வழியே அதுதான். ஆகவே இன்று பெற்றோர் தேட வேண்டியது குழந்தைப் பாட்டை விட, வண்டியில் இருக்கும் பெரியவர் தாமே வாய்விட்டுப் பாடக்கூடிய பாட்டை என்பது என் கட்சி. அதற்கான சாட்சிகளை இந்தச் சாலையிலிருந்தே எடுக்கலாம்.

செஞ்சிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போடும் பேச்சு பல வருஷமாக நடக்கிறது, ரயில்தான் வரவில்லை. 1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடிக்க வந்ததும், 1698-ல் ஜுல்பிகர்கானின் மொகலாயப் படை நெடிய முற்றுகைக்குப் பிறகு உள்ளே புகுந்ததும், 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை ஏறிய பிறகு வருகிறவர்கள் வருவதும் சாலை வழியாகத்தான். மேல்மலையனூர் அங்கிருந்து வடமேற்கே இருபது கிலோமீட்டர் வாக்கில். பஸ் வருவதற்கு முன் கூண்டு வண்டி. வைக்கோலைப் பரப்பி மேலே சமக்காளம் விரித்தால் அதுவே படுக்கை. பிள்ளைகள், கிழவிகள், பொங்கல் பானை எல்லாம் அதற்குள்தான். மாட்டுக்கு வழி தெரியும், ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தாலும் வண்டி போய்ச் சேரும் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் பாட்டு. நாட்டுப்பாடல் சேகரித்தவர்கள் வண்டிக்காரன் பாட்டு என்று ஒரு வகையையே காட்டுகிறார்கள். அதில் வருவது காதல், பிரிவு, மாட்டின் பெருமை, வழியின் அலுப்பு. கூண்டுக்குள் கிடக்கும் பிள்ளையை நினைத்துப் பாடியது ஒன்றும் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஓட்டுகிறவரை விழிக்க வைத்த அதே பாட்டு பின்னால் கிடந்தவர்களைத் தூங்க வைத்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு வேலை. பாடுகிறவனுக்கு அது உழைப்பு, கேட்கிறவனுக்கு அது தொட்டில். மேலே கேட்ட கேள்விக்கு அந்தக் காலம் தந்த விடை இது. இதை விட நல்ல விடையைப் பிறகு வந்த எந்த யந்திரமும் தரவில்லை.

வண்டிக்காரன் பாட்டு இருக்கட்டும், தாலாட்டு குழந்தைக்கான பாட்டுத்தானே என்று கேட்கலாம். பெயரளவில் ஆம். தால் என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. ஆனால் நா. வானமாமலை 1964-ல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற தொகுப்புகளில் உள்ள தாலாட்டுகளைப் படித்துப் பார்த்தால், அவை யாருடைய காதுக்காகப் பாடப்பட்டவை என்ற சந்தேகம் வந்துவிடும். மாமன் கொண்டுவரும் சீர்வரிசை, பிள்ளைவரம் கேட்டு ஏறி இறங்கிய கோயில்களின் கணக்கு, அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தார்கள் என்று விசாரிக்கும் சாக்கில் வீட்டு மனிதர் ஒவ்வொருவர் மேலும் ஒரு குத்தல். தொட்டிலில் கிடப்பதற்கு மாமனின் செல்வாக்கு என்ன தெரியும்? அது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்குப் போக வேண்டிய சேதி. பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது மெட்டும், தாயின் குரலும், தொட்டில் ஆடும் கதியும் மட்டுமே. பெரியவர் பாட்டு குழந்தையின் மேல் நல்லவிதமாகப் படிவதற்குத் தாலாட்டை விடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

ஏட்டுத் தமிழும் இதே பக்கம்தான் நிற்கிறது. பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பிள்ளையாக்கிப் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பாடினார். பத்துப் பருவங்களில் மூன்றாவது தால். ஆண்பாலுக்குக் கடைசிப் பருவம் சிறுதேர், பெண்பாலுக்கு ஊசல். குழந்தையும் வண்டியும் பாட்டும் சேர்வது இந்த மொழிக்குப் புதிதில்லை. பட்டினப்பாலையிலேயே ஒரு குழந்தை குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டிப் போகிறது, காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் எறிந்த காதுக்குழை அதன் வழியை மறித்துக் கிடக்கிறது. ஆனால் பிள்ளைத்தமிழை எந்தப் பிள்ளையும் கேட்டு வளரவில்லை. அரசனும் தெய்வமும் அதில் குழந்தை. பாடுகிறவரும் கேட்கிறவரும் புலவர்கள். மேல்மலையனூர் ஊஞ்சலில் தால் பருவமும் ஊசல் பருவமும் ஒரே இரவில் கூடிவிடுகின்றன என்பதைக் கவனித்தால், அந்தப் பூசாரிகள் எந்த ஏட்டையும் புரட்டாமலே எவ்வளவு பழைய தடத்தில் நடக்கிறார்கள் என்பது தெரியும்.

அந்தத் தாலாட்டு யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொள்ள, அதைச் சுடுகாட்டில் இறக்கி அடக்கியவள் அங்காளம்மன் என்பது தலக்கதை. மாசி மாதம் சிவராத்திரியை அடுத்து நடக்கும் மயானக் கொள்ளையில் சுடுகாட்டில் தானியமும் காய்கனியும் வாரி இறைக்கப்படுகின்றன. காளி வேஷக்காரர்கள் வருகிறார்கள். எவலின் மேயர் 1986-ல் அங்காளபரமேசுவரி வழிபாட்டைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதில் மேல்மலையனூருக்குப் பெரிய இடம் உண்டு. இவ்வளவு உக்கிரமான தெய்வத்தைத்தான் அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சலில் வைத்துத் தாலாட்டுகிறார்கள். பாடுகிறவர்கள் பர்வதராஜகுலத்துப் பூசாரிகள், ஆண்கள். வீட்டுக்குள் பெண்கள் பாடிய பாட்டை ஊர்நடுவே ஆண்கள் பாடுகிறார்கள். மெல்லப் பாட வேண்டியதைப் பம்பையோடு பாடுகிறார்கள். குழந்தையைத் தெய்வமாக்கிப் பாடுவதும் தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பாடுவதும் இங்கே ஒன்றுதான். நிஜக் குழந்தைகள் கூட்டத்துக்குள் தோளிலும் இடுப்பிலும் இருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக யாரும் சத்தத்தைக் குறைப்பதில்லை, கதையைச் சலிப்பதில்லை.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நிலாவைக் கூப்பிடும் பாட்டு, சாய்ந்தாட வைக்கும் பாட்டு, கைவீச வைக்கும் பாட்டு, இவையெல்லாம் அசல் குழந்தைப் பாட்டுகள் ஆயிற்றே? மறுக்கவில்லை. அம்புலிப் பருவமும் சப்பாணிப் பருவமும் பிள்ளைத்தமிழில் ஏறியதே இவற்றிலிருந்துதான். ஆனால் இவை காதால் கேட்கும் பாட்டுகள் அல்லவே. மடியில் பிள்ளையை வைத்து, கையைப் பிடித்து ஆட்டி, சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டே பாடுபவை. பாட்டில் பாதி பெரியவர் கையில் இருக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டு மீதிப் பாதியை ஸ்பீக்கரில் போட்டால் கிடைப்பது கூடு மட்டும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. நல்ல சட்டம், ஆனால் மடி போய்விட்டது. இனி குரல் ஒன்றுதான் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குப் போக முடியும். ஆக, இந்த மறுப்பும் கடைசியில் பாடுகிற ஆளைத்தான் கேட்கிறது.

செஞ்சி வட்டாரத்துக்கு இன்னொரு சாட்சி கூத்து. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-ல் வெளியிட்ட தன் நூலுக்கு, செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்ற பொருளில் துணைத்தலைப்புக் கொடுத்தார். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி கோயிலை அந்த வழிபாட்டின் மூலத்தலமாக மக்கள் சொல்வதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தக் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். கூத்துக்களத்தில் முன்வரிசை யாருக்கு? சாக்கை விரித்துப் போட்டுப் பிள்ளைகளுக்கு. துகிலுரிதலையும் அரவான் களப்பலியையும் அவர்கள் பார்த்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் இரட்டை அர்த்தப் பேச்சுக்குப் பெரியவர்கள் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் கூடவே சிரித்தார்கள். நடுச்சாமத்தில் அப்படியே தூங்கிப்போனார்கள். துரியோதனன் வரும் நேரத்துக்கு யாரோ தட்டி எழுப்பினார்கள். ராஜா தேசிங்கு கதையும் இப்படிப் பரவியதுதான். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு மோதி இருபத்திரண்டு வயசு வாக்கில் செத்த ஒரு சிறு அரசனை, அவன் குதிரையோடும் நண்பனோடும் சேர்த்துத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவனாக்கியது பாட்டும் பெரிய எழுத்துப் புத்தகமும் கூத்தும். 1960-ல் எம்.ஜி.ஆர். படம் வருவதற்கு வெகு முன்னாலேயே பிள்ளைகளுக்கு அவனைத் தெரியும். சிறுவர் பதிப்பு என்று ஒன்றைப் போட்டு யாரும் அவனை அறிமுகப்படுத்தவில்லை.

யந்திரம் வண்டிக்குள் வந்த கதை வேறு மாதிரி. கிராமபோன் கல்யாண வீட்டுக்கும் டீக்கடைக்கும் வந்துவிட்டது, வண்டிக்குள் வரவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினால் முள் எகிறிவிடும். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1956 மாடல் கார்களில் இசைத்தட்டுப் போடும் பெட்டி வைத்துப் பார்த்து, சில வருஷத்தில் கைவிட்டது. கார் ரேடியோ அதற்கு முந்தியது. மோட்டோரோலா என்ற பெயரே 1930-ல் கார் ரேடியோவுக்காக வைத்ததுதான். ஆனால் ரேடியோவில் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர் நிலையத்தில் இருக்கிறார். வண்டியில் இருப்பவர் கைக்குத் தேர்வு வந்தது 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டால். குலுக்கினாலும் பாடும், சட்டைப்பையில் அடங்கும், ஏறக்குறைய யாரும் பதிவு செய்யலாம். நம் ஊர்ச் சாலைகளில் அது 1980-களில் ஊன்றியது. டூரிஸ்ட் வேனும் மொபசல் பஸ்ஸும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மாட்டிக்கொண்டன.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டரை ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னக் கடை. சுவர் முழுக்க கேசட் அட்டைகள். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, அறுபது நிமிஷக் காலிக் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். பாட்டுக்கு நாலரை நிமிஷம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பாட்டு. பதின்மூன்றாவதை எழுதினால் கடைக்காரர் பேனாவால் அடித்துவிடுவார், அல்லது அது பாதிச் சரணத்தில் அறுந்து நிற்கும். பாட்டுக் கம்பெனிகள் கண்ணில் இது திருட்டு. சட்டத்தின் கண்ணிலும் அப்படித்தான். தமிழ்க் குடும்பத்துக்கோ தான் கேட்க வேண்டிய பாட்டைத் தானே வரிசைப்படுத்திய முதல் அனுபவம் அது. லிஸ்ட் எழுதியவர் வேன் டிரைவர், முதலாளி, வீட்டில் மூத்த அண்ணன். கோயில் பயணத்துக்கு என்றால் முதலில் பிள்ளையார், பிறகு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள். சாமி கும்பிட்டுத் திரும்பும்போது கேசட் மாறும், இளையராஜா வருவார். போகும்போது பக்தி, வரும்போது சினிமா என்ற இந்த எழுதப்படாத சட்டம் இன்றும் நிற்கிறது. பால் கிரீன் என்ற இசையியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரையொன்றில், தமிழ்க் கிராமத்தில் ஒலிபெருக்கி வழியே கேசட் போடுவதே ஒரு வழிபாட்டுச் செயல் என்று காட்டினார். மைக்செட்காரரைப் பார்த்தவர்களுக்கு அது புதுச் செய்தி அல்ல. ஆனால் அந்தப் பன்னிரண்டில் பிள்ளைக்கென்று ஒன்றுகூட இல்லை என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை, அது யாருக்கும் உறைக்கவே இல்லை.

குழந்தைப் பாட்டு என்ற தனி அலமாரி தமிழில் இருபதாம் நூற்றாண்டின் கட்டுமானம். பாரதியின் பாப்பா பாட்டு, கவிமணியின் 'மலரும் மாலையும்' தொகுப்பிலுள்ள சிறுவர் பாட்டுகள், குழந்தைக் கவிஞர் என்றே அழைக்கப்பட்ட அழ. வள்ளியப்பாவின் (1922–1989) புத்தகங்கள், 1938-ல் தொடங்கிய சென்னை வானொலியில் பிறகு வந்த சிறுவர் நிகழ்ச்சிகள் எல்லாம் சேர்ந்து அதைக் கட்டின. எளிய சொல், சிறிய அடி, நல்ல புத்தி. இதன் நோக்கம் பெரிது, பலனும் பெரிது; பள்ளிக்கூடத் தமிழை வாய்க்குப் பழக்கியதில் வள்ளியப்பாவுக்கு நிகரில்லை. ஆனால் அது வகுப்பறைக்கும் மேடைக்கும் பிறந்தது. வண்டிக்குள் அதைக் கொண்டுவந்தது வீட்டின் அளவு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இருபது பேர் ஏறிய வேனில் நாலு வயசுப் பிள்ளைக்கு வோட்டுக் கிடையாது. நாலு பேர் போகும் மாருதியில் அதற்குக் கால்பங்கு வோட்டு. அழத் தெரிந்தால் முழுப்பங்கு. கனடாவில் ரஃபி என்ற பாடகர் சின்னப் பிள்ளைகளுக்கென்று போட்ட முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. அங்கே அடுத்து வந்த தலைமுறை கார்களில் அது சுற்றியது. நம் பக்கம் அந்த இடத்தைப் பிடித்தது 2013-ல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி போன்ற யூடியூப் சேனல்கள். ஆனால் அவை கண்ணுக்குச் செய்தவை. படத்தை மறைத்துவிட்டுக் கேட்டால் அந்தப் பாட்டுகளில் பலவற்றுக்குக் காது கொடுக்க முடிவதில்லை என்பது என் தனிப்பட்ட தீர்ப்பு. மறுக்கிறவர்கள் ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது கடினமான மறுப்பு. பழையவர்கள் யோசித்து இப்படி வைத்தார்களா? அவர்களுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதானே? வசதியின்மையை ஞானமாக்கிப் பேசுவது நம் கட்டுரையாளர்களுக்குப் பழகிப்போன வியாதி ஆயிற்றே? இந்தக் குத்தலில் உண்மை இருக்கிறது. கூண்டு வண்டியில் கிடந்த பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என்ன சொல்லியிருக்குமோ. ஆனால் என் வாதம் முன்னோர் அறிவின் மேல் நிற்கவில்லை. விளைவின் மேல் நிற்கிறது. அப்படிக் கேட்ட பிள்ளைகள் பாட்டை விட்டு ஓடிவிடவில்லை. அவர்கள்தான் பின்னால் பம்பைக்காரரும் கூத்துவாத்தியாரும் மைக்செட்காரரும் ரெக்கார்டிங் சென்டருக்கு லிஸ்ட் எழுதுகிற அண்ணனும் ஆனார்கள். புரியாத வயதில் காதில் விழுந்தது புரிகிற வயதில் அவர்களுடையதாக இருந்தது. குழந்தைப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை ஏழெட்டு வயதில் அதை உதறிவிடுகிறது, உதறத்தான் வேண்டும்; அப்போது கையில் வேறென்ன இருக்கும்?

அடுத்தது, பாட்டின் வரிகள். சினிமாப் பாட்டில் வருவதையெல்லாம் பிள்ளை கேட்கலாமா? கட்டியங்காரன் பேசாததை எந்தச் சினிமாப் பாட்டும் சொல்லிவிடவில்லை என்று பதில் சொல்வது எளிது, ஆனால் அது முழுப் பதில் ஆகாது. கட்டியங்காரன் ஒரு முறைதான் சொன்னான். பம்பைக்காரரிடம் போய் அதே அடியை இருபது தடவை பாடு என்று பிள்ளை கேட்க முடியாது. பதிவு செய்த பாட்டை அப்படிக் கேட்க முடியும், பிள்ளைகள் கேட்கவும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் அவர்களுக்கு ருசி. பழைய காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள அசல் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பெரியவர் பாட்டு அன்றும் இருந்தது, மறுபடி மறுபடி ஒலிப்பதுதான் புதிது. ஒரு தடவை காதருகே பறந்துபோகிற சொல் இருபதாவது தடவை நாக்கில் உட்கார்ந்துவிடும். ஆகவே சலிக்க வேண்டியதுதான். ஆனால் சலிக்கும் அளவுகோல் குழந்தைக்கானது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்பதல்ல. இருபது தடவை கேட்டாலும் பெரியவருக்குப் பிடிக்குமா, அதைப் பிள்ளை பாட்டியின் முன் பாடிக்காட்டினால் முகம் சுளிக்காமல் இருக்க முடியுமா, இந்த இரண்டும் போதும். அந்த அளவில் பார்த்தால் டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டும், இளையராஜாவின் எத்தனையோ மெட்டுகளும் உள்ளே வரும். குழந்தைகளுக்காகவே செய்த பல பாட்டுகள் வெளியே நிற்கும்.

சத்தத்தைப் பற்றிய மறுப்புக்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. மேல்மலையனூரில் பம்பை திறந்தவெளியில் முழங்குகிறது. வேனுக்குள் ஸ்பீக்கர் பிள்ளையின் காதிலிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் எல்லை என்றால், பிள்ளைகளுக்கு அது 75. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டு, விழாக்களுக்குச் சில நாள் விலக்குத் தருகின்றன. வேனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அந்த விதி வராது. திருகைக் குறைப்பது டிரைவரின் கையில். தூக்கத்தைச் சத்தத்தால் விரட்டலாம் என்று நம்பும் டிரைவர் வண்டியை ஓரம்கட்டி அரைமணி தூங்குவதுதான் நியாயம். அதற்குப் பாட்டு மாற்று ஆகாது.

மிச்சமிருப்பது, ஸ்பீக்கர் பாடுவதும் ஆள் பாடுவதும் ஒன்றா என்பது. 2015-ல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத துருக்கி மொழியில் பேச்சையும் பாட்டையும் போட்டுக் காட்டினார்கள். பேச்சைக் கேட்டவை நாலு நிமிஷத்துக்குச் சற்று மேலே சிணுங்கத் தொடங்கின. பாட்டைக் கேட்டவை ஒன்பது நிமிஷம் தாங்கின. அடுத்து வந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்று, கேட்டறியாத மொழித் தாலாட்டுக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு தணிவதைக் கண்டது. அர்த்தம் பிள்ளைக்கு வேண்டியதில்லை என்பதை மாமனின் சீரைப் பாடிய தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஆய்வுகளில் கேட்டது பதிவு செய்த குரல்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. ஸ்பீக்கரும் பிள்ளையைத் தூங்க வைக்கும். அதனால் முடியாதது ஓட்டுகிறவரைப் பாடுகிறவர் ஆக்குவது. கேசட் வந்த நாளிலிருந்து வண்டியில் உள்ள எல்லோரும் கேட்கிறவர்களாகிவிட்டார்கள். முன்சீட்டில் இருப்பவரும் பின்சீட்டில் இருப்பதும் ஒரே மெட்டில் ஒரே கண்ணசரலுக்குப் போகிறார்கள். கூண்டு வண்டியில் இருந்த அந்த வேலைப் பிரிவினை ஊஞ்சல் மண்டபத்தில் இன்னும் இருக்கிறது, காரில் இல்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிதானமாகப் போனால் எட்டுப் பாட்டு நேரம். அடுத்த அமாவாசைக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உங்களுக்குப் பிடித்த ஆறு பாட்டைப் போடுங்கள். மீதி இரண்டுக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நீங்களே பாடுங்கள். சுருதி சேராவிட்டால் பின்சீட்டிலிருந்து புகார் வராது.